பீட்டில்ஸின் முதல் ஆல்பம்: இத்தனை பதிப்பில் எதை வாங்குவது?

போன வருஷம் என் இயர்போனின் இடது பக்கம் செத்துப்போனது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு மூன்று வாரம் ஒற்றைக் காதிலேயே ஓட்டினேன். அப்படி ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் பாப் குழுவான பீட்டில்ஸின் முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யைப் போட்டால், வலது காதில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் பாடுகிறார்கள், வெறும் குரல் மட்டும். கிட்டாரைக் காணோம், டிரம்ஸைக் காணோம். உற்றுக் கேட்டால் அடுத்த தெருக் கல்யாண மண்டபத்திலிருந்து வருகிற மாதிரி மங்கலாக ஒரு தட்டல் மட்டும் கேட்டது. வேறு யாருடைய பாட்டையோ மாற்றிப் போட்டேன், ஓரளவு எல்லாமே கேட்டது. திரும்ப இந்த ஆல்பத்துக்கு வந்தால் வாத்தியக்காரர்கள் மறுபடி மாயம்.

கோளாறு பாதி இயர்போனில், மீதிப் பாதி அந்த ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில், அதாவது இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு ஒலி வருகிற பதிப்பில். வாத்தியம் முழுக்க இடது பக்கம், குரல் முழுக்க வலது பக்கம் என்று பாகப்பிரிவினை செய்த மாதிரிதான் அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதுவரை பல வருஷம் கேட்டும் நான் இதைச் சரியாகக் கவனித்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் சித்தி மகன். புதிதாக ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருக்கிறான். “அண்ணா, பீட்டில்ஸ் முதல் ஆல்பம் வாங்கணும், நெட்ல பார்த்தா ஏகப்பட்ட வகை இருக்கு, எது நல்லது?” என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் தட்டத் தட்டப் பதில் நீண்டுகொண்டே போனது, சரி, உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோனோ, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிற பதிப்பு. எந்த மோனோ, எவ்வளவு செலவில் என்பதில்தான் பேச்சே இருக்கிறது.

முதலில் அந்த ஆல்பம் எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டன் அபே ரோட்டில், இஎம்ஐ என்ற ரெக்கார்ட் கம்பெனியின் ஸ்டூடியோவில் இரண்டாம் கூடம். ஹெலன் ஷபிரோ என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் துணைக் குழுவாக ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் கிடைத்த நாள் அது. மொத்தம் 14 பாட்டு வேண்டும். அதில் நான்கு ஏற்கெனவே இரண்டு சிங்கிள்களாக (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்ட்) வந்துவிட்டவை. மீதிப் பத்தையும் அந்த ஒரே நாளில் முடித்தார்கள். காலை 10 மணிக்கு ஆரம்பித்து, மதியம் ஒரு அமர்வு, ராத்திரி ஒரு அமர்வு என்று 10:45 வரை போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோக்காரர்கள் பக்கத்து மதுக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், இவர்கள் நான்கு பேரும் பாலைக் குடித்துவிட்டு இன்னும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். லெனனுக்கு அன்று நல்ல ஜலதோஷம். ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’ தொண்டையைக் கிழித்துவிடும் என்று தெரிந்தே அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். தொண்டை மிட்டாயைச் சப்பிச் சப்பிக் காலம் தள்ளியவர் அதை முதல் டேக்கிலேயே, அதாவது முதல் முறை பதிந்தபோதே, முடித்தார், இரண்டாவதுக்கு முயன்றபோது குரல் இல்லை. டிரம்மர் ரிங்கோ பாடும் ‘பாய்ஸ்’ கூட ஒரே டேக்தான்.

இப்போது டேப் விஷயம். அன்று அவர்கள் பயன்படுத்திய மெஷினில் இருந்தது இரண்டே டிராக், ஒலியைத் தனித்தனியாகப் பதிய இரண்டே தடம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித்தும் ஒன்றில் வாத்தியங்களையும் இன்னொன்றில் குரலையும் பதிந்துகொண்டார்கள். இது ஸ்டீரியோவுக்காகச் செய்ததே கிடையாது. பின்னால் மோனோவாக ஒன்று சேர்க்கும்போது குரலைக் கொஞ்சம் ஏற்றலாம், கிட்டாரைக் கொஞ்சம் இறக்கலாம், அந்த வசதிக்காகத்தான். சமையலுக்கு மாவையும் பூரணத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பதில்லையா, அந்த மாதிரி. ஸ்டீரியோ பதிப்பு என்பது அந்த இரண்டு கிண்ணத்தையும் அப்படியே கொண்டுவந்து இலையில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வைத்துவிட்டது.

பிப்ரவரி 25-ஆம் தேதி மிக்ஸிங், அதாவது பதிந்ததை அளவு பார்த்துச் சேர்க்கும் வேலை, நடந்தது. மோனோ, ஸ்டீரியோ இரண்டும் அன்றே. பீட்டில்ஸ் யாரும் அங்கே இல்லை. மார்ச் 22-ஆம் தேதி இஎம்ஐயின் பார்லோஃபோன் என்ற லேபிளில் மோனோ இசைத்தட்டு கடைக்கு வந்தது, எண் பிஎம்சி 1202. ஸ்டீரியோ தட்டு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26-ஆம் தேதிதான். அன்றைய பிரிட்டனில் பாப் பாட்டு வாங்கிய பிள்ளைகள் வீட்டில் ஸ்டீரியோ பிளேயர் இருந்ததே அபூர்வம். மே மாதம் பட்டியலில் முதலிடத்துக்குப் போய் 30 வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆல்பத்தை ஊரே கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில். கடைசியில் அதை அங்கிருந்து இறக்கியதும் இவர்களுடைய இரண்டாவது ஆல்பம்தான், அது வேறு கதை.

காதுக்கு என்ன வித்தியாசம்? முதல் பாட்டு ‘ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்’ போதும். மோனோவில் பால் மூன்று எண்ணி நான்காவதைக் கத்தியவுடன் பேஸ், கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் ஒரே கட்டியாக மேலே வந்து விழும். சின்ன அறையில் நான்கு பேர் முட்டிக்கொண்டு நின்று வாசிக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே. ஸ்டீரியோவில் அதே பாட்டில் நடுவில் ஒரு பள்ளம். இந்த ஓரம் வாத்தியம், அந்த ஓரம் பாட்டு, நடுவில் யாரும் இல்லை. ஹாலில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துத் தள்ளி உட்கார்ந்து கேட்டால் அறையே கலந்து கொடுத்துவிடும், அவ்வளவாகத் தெரியாது. ஹெட்போனில்தான் தலைக்குள் சுவர் எழுப்பிய மாதிரி இருக்கிறது, அரை மணி நேரத்தில் எனக்குக் களைப்பாகிவிடும்.

(அந்த எண்ணிக்கையே ஒட்டுப்போட்டதுதான், தெரியுமா? பாட்டு முதல் டேக், எண்ணுவது ஒன்பதாவது டேக்கிலிருந்து வெட்டி ஒட்டியது. தெரியாமல் கேட்டால் சந்தேகமே வராது.)

ஆனால் ஸ்டீரியோ குப்பை என்று நான் சொல்லவில்லை. கிட்டார் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். வலது பக்கத்தை மூடிவிட்டு இடது பக்கம் மட்டும் கேளுங்கள்: குரல் ஏறக்குறைய மறைந்து, ஜார்ஜ் ஹாரிசன் என்ன வாசிக்கிறார், பாலின் பேஸ் எங்கே ஓடுகிறது என்று எல்லாம் அப்பட்டமாக வெளியே வந்துவிடும். இடதை மூடினால் என் பஸ் அனுபவம். ‘தேர்ஸ் எ ப்ளேஸ்’ பாட்டில் ஜானும் பாலும் சேர்ந்து பாடுவதைக் குரல் பக்கம் மட்டும் வைத்துக் கேட்டதிலிருந்து அந்தப் பாட்டின் மேல் எனக்கு மரியாதையே கூடிவிட்டது. யார் மேலே, யார் கீழே என்று கூட்டத்தில் தெரியவே தெரியாது. ஆக, படிப்பதற்கு ஸ்டீரியோ, கேட்பதற்கு மோனோ.

இன்னொன்று, இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே பதிவு என்று நினைக்க வேண்டாம். தலைப்புப் பாட்டான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யில் ஸ்டீரியோ வேறு டேக்குகளைச் சேர்த்துச் செய்தது. கடைசிச் சரணத்தில் ஜான் வரியைக் குழப்பிவிடுவார், பால் ஒன்று பாட இவர் ஒன்று பாட, அடுத்து வரும் இடத்தில் சிரிப்பை அடக்கமாட்டாமல் கொஞ்சம் வெளியே விட்டுவிடுவார். மோனோவில் இது கிடையாது, சுத்தமாக இருக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும், அதற்காக மட்டுமே ஸ்டீரியோ பக்கம் போவதுண்டு. ஆனால் ஒருவர் முதல் முறை கேட்கும்போது தவறான டேக்கை நீட்டுவது முறையில்லை.

‘லவ் மீ டூ’ விஷயம் இன்னும் சிக்கல். இந்தப் பாட்டுக்கு மூன்று டிரம்மர்கள். 1962 ஜூனில், ரிங்கோவுக்கு முன் குழுவில் இருந்த பீட் பெஸ்ட்டோடு ஒரு முறை, செப்டம்பர் 4-ஆம் தேதி ரிங்கோவோடு ஒரு முறை, செப்டம்பர் 11-ஆம் தேதி ஆண்டி ஒயிட் என்ற கூலிக்கு வாசிக்கும் டிரம்மரை வைத்து ஒரு முறை. மூன்றாவதில் பாவம் ரிங்கோ கையில் தம்புரினைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். அந்த அக்டோபரில் வந்த சிங்கிளின் முதல் அச்சில் இருப்பது ரிங்கோ வாசித்தது, ஆல்பத்தில் இருப்பது ஆண்டி ஒயிட் வாசித்தது. பிரித்தறிவது சுலபம், தம்புரின் சத்தம் கேட்டால் ஆண்டி ஒயிட். ரிங்கோ பதிப்பின் மூல டேப் பிற்பாடு இல்லாமலே போய்விட்டதால் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்பில் அதை ஒரு பழைய தட்டிலிருந்து எடுத்துத்தான் போட்டார்கள். பீட் பெஸ்ட் பதிப்பு 1995-இல் ‘ஆந்தாலஜி 1’இல் வந்தது. எனவே இந்த ஆல்பத்தின் எந்தப் பதிப்பை வாங்கினாலும் ரிங்கோவின் ‘லவ் மீ டூ’ கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதே பாட்டுக்கும் அதன் ஜோடியான ‘பி.எஸ். ஐ லவ் யூ’வுக்கும் இரண்டு டிராக் டேப்பும் மிஞ்சவில்லை, மோனோ மட்டுமே கையில். 1963 ஸ்டீரியோ தட்டுக்கு என்ன செய்தார்கள் என்றால், மோனோவையே எடுத்து ஒரு பக்கம் கனத்த சத்தத்தைத் தூக்கி, மறு பக்கம் கீச்சுச் சத்தத்தைத் தூக்கி, ஸ்டீரியோ மாதிரி வேஷம் கட்டிவிட்டார்கள். 2009 ரீமாஸ்டரில் (பழைய டேப்பிலிருந்து ஒலியைச் சீராக்கிப் புதிதாக வெளியிட்டது) அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு இரண்டையும் மோனோவாகவே வைத்துவிட்டார்கள். புண்ணியம்.

சரி, இப்போது கடைக்குப் போவோம்.

1987 பிப்ரவரியில்தான் பீட்டில்ஸ் ஆல்பங்கள் முதல் முதலாக சிடியாக வந்தன. முதல் நான்கு ஆல்பமும் மோனோவில் மட்டும் வந்தது. ஸ்டீரியோ எங்கே என்று அன்றைக்குத் திட்டினார்கள். இன்றைக்குப் பார்த்தால் அந்தச் சிடிதான் மோனோ கேட்க மிகச் சுலபமான, மலிவான வழி. பழைய சிடி விற்கிற இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கும், யாரும் அதற்காக அடித்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக் டப்பா, பார்லோஃபோன் முத்திரை, எண் சிடிபி 7 46435 2. சத்தம் கொஞ்சம் மெலிசாக, சற்றே வெளிறியதாக இருக்கும், வால்யூமை ஒரு சுற்று ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பதும் இதுதான். உறைக்குள் முன்னே வைத்திருந்தவர் யாரோ பால்பாயின்ட் பேனாவால் ஆறாவது, எட்டாவது பாட்டுகளுக்கு டிக் போட்டிருக்கிறார். ‘ஆஸ்க் மீ வை’க்கும் ‘லவ் மீ டூ’வுக்கும். ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’டுக்கு டிக் இல்லை, அந்த ஆள் யார் என்று எனக்கு இன்னும் யோசனை.

2009 செப்டம்பர் 9-ஆம் தேதி எல்லா ஆல்பமும் ரீமாஸ்டர் ஆகி வந்தன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தனி சிடியாக அட்டை உறையில் கிடைப்பது ஸ்டீரியோ. மோனோ ரீமாஸ்டர் வேண்டுமென்றால் மொத்த மோனோ பெட்டியையும் வாங்கியாக வேண்டும், பிரித்துக் கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியில் உள்ளது அருமையான வேலை. சத்தத்தை நசுக்கி உரக்கக் காட்டும் தந்திரம் எதுவும் மோனோ டிஸ்க்குகளில் செய்யவில்லை. ஆனால் ஒரு ஆல்பத்துக்காக ஒரு அலமாரியையே வாங்குவதா? பீட்டில்ஸ் முழுக்கவும் வேண்டும், அதற்கான பணமும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்கலாம். இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும் என்றால் 1987 சிடிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், விலையில் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது என்பது என் காதின் தீர்ப்பு.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு 2012, 2014 என்று இரண்டு புது அச்சு. 2012-இல் வந்தது ஸ்டீரியோ, 2009 டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வெட்டியது (தட்டில் ஒலியைக் கோடாகக் கீறுவதைத்தான் வெட்டுவது என்பார்கள்). டிஜிட்டலிலிருந்து வெட்டிய வினைல் என்றால் பாவச் செயல் மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014 மோனோ தட்டு வேறு ரகம். மூல மோனோ டேப்பை எடுத்து, நடுவில் கம்ப்யூட்டரே இல்லாமல், பழைய முறையில் நேராகத் தட்டுக்கு வெட்டினார்கள். அபே ரோட்டில் ஷான் மேகீயும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் செய்த வேலை அது. 180 கிராம் தட்டு. தனித்தனியாகவும் விற்றார்கள் என்பது பெரிய நல்ல விஷயம். ஒரு நண்பர் வீட்டில் ‘பாய்ஸ்’ பாட்டை இந்தத் தட்டில் கேட்டேன். ரிங்கோவின் கிக் டிரம் அடிக்கும்போது அவர்கள் வீட்டு டீப்பாயின் மேல் இருந்த தம்ளர் நடுங்கியது, 1963-இல் வந்த ஒரு மோனோ பாட்டில் இவ்வளவு அடிச்சத்தம் உள்ளே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பணம் செலவழிப்பது என்று முடிவு செய்துவிட்டால் இதற்குச் செலவழியுங்கள். பழைய சந்தையில் விலை ஏறிவிட்டது, அதுதான் தொல்லை.

காசே செலவழிக்க வேண்டாம், ஃபோனிலேயே கேட்டால் போதும் என்பவர்களுக்கு: ஸ்ட்ரீமிங்கில் இருப்பது 2009 ஸ்டீரியோ. அதாவது என் பஸ் பதிப்பு. ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஃபோன் செட்டிங்கில் காது கேளாதோருக்கான வசதிகள் இருக்கும் இடத்தில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று உண்டு, அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். இது அசல் மோனோ மிக்ஸ் ஆகாது, ஞாபகம் இருக்கட்டும். குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஜார்ஜ் மார்ட்டின் வைத்த அளவு வேறு, எதிரொலி வேறு, தலைப்புப் பாட்டில் ஜான் சிரிப்பது அப்படியே இருக்கும். இருந்தாலும் நடுவில் இருந்த பள்ளம் மூடிவிடும், முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இதற்கென்றே தனிப் பட்டன் இருக்கும்.

இனி மோகம் சம்பந்தப்பட்ட விஷயம்: முதல் அச்சு. 1963-இன் முதல் தட்டுகளில் நடு லேபிள் கறுப்பு, எழுத்து தங்க நிறம். சீக்கிரத்திலேயே பார்லோஃபோன் தன் லேபிளையே மஞ்சளும் கறுப்புமாக மாற்றிவிட்டது, அதனால் தங்க எழுத்துத் தட்டு குறைச்சல். அதிலும் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் நான்கு பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் பதிப்புரிமை யாருக்கு என்று போட்டிருப்பதைப் பார்ப்பார்கள். ‘டிக் ஜேம்ஸ்’ என்று இருந்தால் மிக முந்தியது, ‘நார்தர்ன் சாங்ஸ்’ என்று இருந்தால் கொஞ்சம் பிந்தியது. பாட்டு எழுதியவர்கள் பெயரும் மெக்கார்ட்னி–லெனன் என்று தலைகீழாக இருக்கும். தங்க எழுத்தில் ஸ்டீரியோ தட்டு என்றால் அது சொத்து, ஏலத்துக்குப் போகிற பொருள். அதைப் போட்டுக் கேட்கத் தைரியம் வருமா? கேட்கிற ஆள் என்றால் மஞ்சள் லேபிள் மோனோ தட்டு, கீறல் அதிகம் இல்லாமல், நம்பகமானவரிடம் கிடைத்தால் போதும். ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைப் பெட்டி பிளேயரில் கனத்த ஊசி வைத்துத் தேய்த்துத் தள்ளியிருப்பார்கள். உறை பளபளவென்று இருக்கும், தட்டைப் போட்டால் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வரும். இப்படி ஒன்றை நான் தபாலில் வரவழைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன், விற்றவர் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தார், உறையைச் சொல்லியிருப்பார் போல.

அமெரிக்கப் பதிப்பு ஒரு தனி சினிமா. இஎம்ஐயின் சொந்தக் கம்பெனியான கேப்பிட்டல் இவர்களை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. உரிமை சிகாகோவில் இருந்த வீ-ஜே என்ற, கறுப்பினத் தம்பதியர் தொடங்கிய லேபிளுக்குப் போனது. அவர்கள் வெளியிட்ட முதல் சிங்கிளில் குழுவின் பெயரையே ஒரு ‘ட்’ கூடுதலாகத் தப்பாக அச்சடித்தார்கள். ஆல்பத்தை 1963 கோடையில் விடத் திட்டம், கம்பெனிக்குள் பணச் சிக்கல், கிடப்பில் போட்டார்கள். கடைசியில் ‘இன்ட்ரொட்யூசிங் தி பீட்டில்ஸ்’ என்ற பெயரில் 1964 ஜனவரி 10-ஆம் தேதி அவசர அவசரமாக வந்தது. 14 பாட்டில் இரண்டைக் கழற்றி 12 ஆக்கினார்கள், கழற்றியதில் தலைப்புப் பாட்டும் ஒன்று! சிகாகோவில் டேப்பை வேலை பார்த்தவர், பால் எண்ணுவது ஏதோ தெரியாமல் பதிவாகிவிட்டது என்று நினைத்து ‘ஒன், டூ, த்ரீ’யை வெட்டிவிட்டார். மிஞ்சியது ‘ஃபோர்!’ மட்டும். அவசரத்தில் பின்னட்டைக்கு ஒன்றும் தயாராக இல்லாததால் சில பிரதிகளில் கம்பெனியின் மற்றத் தட்டுகளுக்கான விளம்பரத்தையே ஒட்டிவிட்டார்கள்.

வந்து சில நாளில் வழக்கு. ‘லவ் மீ டூ’வும் ‘பி.எஸ். ஐ லவ் யூ’வும் வேறு பாட்டுகளைப் போல டிக் ஜேம்ஸிடம் இல்லை, இஎம்ஐயின் பதிப்புக் கிளையிடம் இருந்தன. அமெரிக்காவில் அது கேப்பிட்டலின் கை. தடை வாங்கிவிட்டார்கள். வீ-ஜே உடனே அந்த இரண்டையும் தூக்கிவிட்டு, முதலில் கழற்றிய இரண்டையும் உள்ளே வைத்து அதே உறை மாதிரி இன்னொரு பதிப்பை இறக்கியது. ஆகவே ஒரே பெயரில் இரண்டு ஆல்பம். பத்து லட்சத்துக்கு மேல் விற்றுப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது, முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது கேப்பிட்டல் வெளியிட்ட பீட்டில்ஸ் ஆல்பம்.

வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரே எச்சரிக்கை: டூப்ளிகேட். உலகத்திலேயே அதிகம் போலி அச்சடிக்கப்பட்ட தட்டுகளில் இது ஒன்று. நடு லேபிளைப் பாருங்கள். ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரும் இரண்டுமே நடு ஓட்டைக்கு மேலே இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஓட்டை நடுவில் வந்தால் போலி, பேசாமல் கீழே வைத்துவிடலாம். உறையில் ‘ஸ்டீரியோ’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். அசல் ஸ்டீரியோ மிகச் சொற்பம், போலிகளில்தான் அந்த வார்த்தை தாராளம். கதைக்காக வாங்கலாம், கேட்பதற்கு என்றால் வேண்டாம் என்பேன்.

வீ-ஜேயின் உரிமை முடிந்ததும் 1965 மார்ச்சில் கேப்பிட்டல் ‘தி எர்லி பீட்டில்ஸ்’ என்று 11 பாட்டோடு வெளியிட்டது. ‘மிசரி’, ‘தேர்ஸ் எ ப்ளேஸ்’ இரண்டும் அதில் இல்லை, முதல் பாட்டும் இல்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்த மாதிரி. கனடாவில் ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’ என்ற பெயரில் வந்ததில் ‘ஐ சா ஹர்’, ‘மிசரி’ போய், அதற்குப் பதில் ‘ஷீ லவ்ஸ் யூ’வும் ‘ஃப்ரம் மீ டு யூ’வும் வந்து உட்கார்ந்தன. பாட்டுக் கணக்கில் பார்த்தால் மோசமில்லை, ஆனால் அது இந்த ஆல்பம் ஆகாது.

எல்லாம் இருக்கிறது, இன்னும் வேண்டும் என்கிற ஆட்களுக்கு இரண்டு. 2013 டிசம்பரில் ஐட்யூன்ஸில் டிஜிட்டலாக மட்டும் வந்த ‘பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963’இல் அந்த பிப்ரவரி 11-இன் விட்டுப்போன டேக்குகள் சில இருக்கின்றன, தடுமாறி நிறுத்தித் திரும்ப ஆரம்பிப்பதெல்லாம் கேட்கலாம். இன்னொன்று, 2023-இல் ‘1962–1966’ தொகுப்பைப் புதுப்பித்தபோது, கலந்துபோன டேப்பிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் மென்பொருளால் பிரித்தெடுத்து ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக ஸ்டீரியோ மிக்ஸ் செய்தார். குரல் நடுவில், வாத்தியம் இரு பக்கமும் என்று இன்றைய காதுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் இதுதான் சௌகரியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆல்பத்திலிருந்து அதில் இருப்பது நான்கே பாட்டு.

தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கி அனுப்பினேன்: பணம் இருந்தால் 2014 மோனோ தட்டு, இல்லாவிட்டால் ரெக்கார்ட் ஆசையைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு 1987 சிடி, தங்க எழுத்து லேபிள் பக்கமே போகாதே, அமெரிக்கத் தட்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் ஓட்டையைப் பார். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாவது நாள் படம் அனுப்பினான், 2012 ஸ்டீரியோ தட்டு. கடையில் அதுதான் இருந்ததாம், ஆசை தாங்கவில்லையாம். சரி, உன் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருக்கிறதா பார் என்றேன். இல்லை அண்ணா என்றான். முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பட்டன் இருக்கிறது, வால்யூம் குமிழுக்குப் பக்கத்திலேயே. விற்ற கடைக்காரர் விலை ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டியிருக்கிறார்.